மாரண்டஹள்ளி பஸ்சில் ஏறிய இரும்புக் குண்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நீங்கள் ஒருவரும் நம்பப் போவதில்லை.

என் வலது தோள்பட்டைத் தசை கிழிந்ததும், என் கெட்டில்பெல்லை, அதாவது கைப்பிடி வைத்த அந்த இரும்புக் குண்டை, மனைவி மாரண்டஹள்ளியில் தன் தம்பி வீட்டுக்கு நாடு கடத்திவிட்டாள்.

வலது கை வலியில்லாமல் தலைக்கு மேல் போனால்தான் மறுபடி குண்டைத் தொடலாம் என்பது பிசியோதெரபிஸ்ட் உத்தரவு. நேற்று வரை கை தோளைத் தாண்டவில்லை. ஆசை தாண்டிவிட்டது. இன்று போய் மீட்டு வந்தேன்.

பஸ்சில் உட்கார இடமில்லை. இடது கையில் குண்டு இருந்த பையோடு நின்றேன்.

சீட்டில் இருந்த ஒரு பெண், "பைய இப்படிக் குடுங்கண்ணா" என்றார். பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டேன். அவர் மடியில் வைத்ததுதான் தாமதம், பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாலக்கோடு வரை இரண்டே சக்கரத்தில் ஓடியது. எதிரே வந்த தக்காளி வண்டிகள் வணங்கி வழிவிட்டன.

"உள்ள என்னங்கண்ணா, ஆட்டுக்கல்லா?"

"உடற்பயிற்சிக் குண்டுங்க. கை வலியில்லாம தலைக்கு மேல போனாத்தான் தூக்கலாம்."

"இன்னும் போவலீங்களா?"

"நேத்து வரைக்கும் போவலீங்க."

"அப்ப மேல கம்பியப் புடிச்சிருக்கறது யாரு கைங்க?"

அண்ணாந்து பார்த்தேன். என் வலது கைதான். வலியே இல்லை.

சக்கரம், தக்காளி வண்டி எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடுங்கள். கை மேலே போனது மட்டும் நிஜம். எப்போது போனது என்றுதான் எனக்கே தெரியவில்லை. அந்த பஸ்சில் வந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்களேன்.