வூஹான் வரை கோசலா தனியே

சுவிஸில் டீட்டிகோனில் இருந்து ஷ்லீரனுக்கு எஸ்-பான் என்ற நகர ரயிலில் ஒரு சில நிமிடம்தான். இருபத்தோரு வருடமாகக் கோசலா அந்தத் தூரத்தைத் தனியே போய் வந்துகொண்டிருந்தாள். ஷ்லீரனில் ஒரு பெரிய லோன்றியில் அவளுக்கு வேலை. ஆசுபத்திரிகளின் கட்டில் விரிப்புகளும் தாதிமாரின் உடுப்புகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும்; தோய்ந்து காய்ந்து இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது இரண்டு பேர் இரு மூலையையும் பிடித்து மடிக்க வேண்டும். கோசலாவுக்கு எதிர்ப்புறம் நிற்பவள் ஜெயமலர். இருவரும் கைகளை மறந்துவிட்டு நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டே மடிப்பார்கள்.

அந்த ஒரு தூரத்தைத் தவிர, கோசலா இந்த நாட்டில் தனியாக எங்கும் போனதில்லை. யாரும் அவளை மறித்ததும் இல்லை. அவளுடைய கணவர் வரதராசாவுக்கு ரயில் என்றால் உயிர். டீட்டிகோனில் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் ரயில் நேரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓர்லிகோனில் சாமத்திய வீடு என்றாலும் சரி, பேர்ணில் கலியாணம் என்றாலும் சரி, எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்தக் கதவால் இறங்கினால் படிக்கட்டு கிட்ட என்பதெல்லாம் அவர் முதலே தீர்மானித்துவிடுவார். கோசலா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் போவாள். வீட்டுக்கு வரும் கடிதங்களையும் அவரே உடைத்து வாசித்து அவரே பதில் எழுதுவார். அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

இவர்களுடைய மகன் சயந்தன் மின்தூக்கி செய்யும் ஒரு கம்பனியில் பொறியியலாளர். கம்பனி அவனை இரண்டு வருடத்துக்குச் சீனாவில் குவாங்சோ நகரத்துக்கு அனுப்பியது. மகனைப் பார்க்க ஒருக்கால் போய்வரலாம் என்று கோசலா சொன்ன அன்றே வரதராசா கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நேரே குவாங்சோவுக்குப் போகவில்லை. விமானத்தில் பீஜிங் போய், அங்கிருந்து குவாங்சோவுக்கு ரயிலில் போவதாகத் திட்டம்.

"விமானம் நேரே மகன்ரை ஊருக்கே போகுமெண்டால், ஏனப்பா சுத்திப் போவான்?" என்று கோசலா கேட்டாள்.

"இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீற்றர், கோசலா. சுவிஸின்ரை ஒரு மூலையிலையிருந்து மற்ற மூலைக்கு ஆறு தரம் போறமாதிரி. எட்டு மணித்தியாலத்திலை கொண்டுபோய் விடுறான். நான் இதைப் பாக்காமல் சாகக்கூடாது."

சாவைப் பற்றிப் பேசினால் அவள் மேற்கொண்டு பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் மாதத்தில் போனார்கள். பீஜிங் மேற்கு நிலையம் விமான நிலையம் மாதிரி இருந்தது. உள்ளே போவதற்குக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், அதுதான் பயணச்சீட்டும். இரண்டு கடவுச்சீட்டையும் கோசலா தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வரதராசாவின் கைத்தொலைபேசிக்கு மட்டும் சயந்தன் சீன இணைப்பு எடுத்துக் கொடுத்திருந்தான். "ரெண்டுபேரும் ஒண்டாத்தானே வாறியள், ஒண்டு காணும்" என்று சொல்லியிருந்தான்.

ரயில் வெள்ளை வெளேரென்று, மூக்கு நீண்டு நின்றது. பதினாறு பெட்டிகள். இவர்களுக்குப் பன்னிரண்டாம் பெட்டியில் இடம். ஜன்னல் பக்கம் வரதராசா உட்கார்ந்தார். புறப்பட்டதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. வேகம், பாலம், தண்டவாளம் எதையும் விடவில்லை. பெட்டியின் மேலே எழுத்துப் பலகையில் வேகம் முந்நூறைத் தாண்டியபோது அவர் கோசலாவின் முழங்கையை இடித்து, மேசையில் வைத்திருந்த தண்ணீர்க் குவளையைக் காட்டினார். தண்ணீர் அசையவில்லை. கோசலா தலையாட்டினாள். அவரைத் தாண்டி வெளியே பார்க்க அவளுக்குக் கழுத்து வலித்தது.

செங்சோ என்ற பெரிய நிலையத்தில் ரயில் நின்றது. சிகரெட் பிடிக்கிற சில ஆண்கள் அவசரமாக மேடையில் இறங்கினார்கள். வரதராசாவும் எழுந்தார்.

"எங்கை போறியள்?"

"முன்பக்கம் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடியாறன். நீர் இரும்."

கோசலா இருந்தாள். சிகரெட் பிடித்தவர்கள் திரும்பி வந்தார்கள். கதவு மூடியது. மேடை பின்னால் நகரத் தொடங்கியது. வரதராசா வரவில்லை.

முதலில், பெட்டிகளுக்குள்ளால் நடந்து வருகிறார் என்று நினைத்தாள். பதினாறு பெட்டி நீளம், நேரம் எடுக்கும்தானே. ஆனால் நகரம் முடிந்து வயல் வந்த பிறகும் அவரைக் காணவில்லை. அவள் எழுந்து பதினோராம் பெட்டி, பத்தாம் பெட்டி என்று தேடிக்கொண்டு போனாள். ஒன்பதாம் பெட்டியின் முடிவில் வழி இல்லை. மூடிய கதவு ஒன்றுதான் இருந்தது. அதற்கப்பால் ரயில் இருப்பதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு நொடியும் அவரை விட்டுத் தூரம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபடியே இருக்கைக்குத் திரும்பினாள். தொலைபேசி அவரிடம், அதன் புது இலக்கம் இவளுக்குத் தெரியாது. கடவுச்சீட்டு இவளிடம். பாஷை ஒருவரிடமும் இல்லை.

நடைபாதைக்கு மறுபக்கம் இருந்த ஒரு பெண், கோசலாவின் வயதுதான் இருக்கும், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டாள். கோசலா பக்கத்து வெறும் இருக்கையைக் காட்டினாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே, பின்பக்கமாகக் கையை நீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அது போதும். "ஐயையோ" என்பதைச் சீன மொழியில் எப்படிச் சொல்வார்களோ அப்படி ஒரு சத்தம் போட்டுவிட்டு எழுந்து போய், சீருடை போட்ட ஒரு பணிப்பெண்ணைக் கையோடு கூட்டிவந்தாள்.

பணிப்பெண் ஒரு தொலைபேசியை நீட்டி, இதில் பேசுங்கள் என்று சைகை காட்டினாள். கோசலா பதற்றத்தில் தமிழில் பேசினாள். தொலைபேசி அதைச் சீனத்தில் சொன்னதும் இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொல்லிற்றோ! அடுத்து, லோன்றியில் பேசும் சூரிச் ஜெர்மனில் பேசிப் பார்த்தாள். தொலைபேசிக்கு அது விளங்கவே இல்லை. கோசலா ஒருதரம் கண்ணை மூடித் திறந்தாள். வதிவிட அனுமதிக்காக வகுப்புக்குப் போய்ப் படித்த புத்தக ஜெர்மன் இருந்தது. அதை எடுத்து, சொல் சொல்லாக வைத்தாள். என் கணவர் செங்சோவில் இறங்கினார். ரயில் போய்விட்டது. அவர் சுவிஸ் நாட்டுக்காரர். நீல மேலங்கி, கண்ணாடி, மீசை.

இந்த முறை பணிப்பெண்ணின் முகம் தெளிந்தது. பதில் ஜெர்மனில் வந்தது. அடுத்த நிலையம் வூஹான். நீங்கள் அங்கே இறங்கிக் காத்திருக்கிறீர்களா, அல்லது குவாங்சோவுக்குப் போகிறீர்களா?

யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. இதோ இறங்கு, இதோ ஏறு என்று சொல்வதற்கு ஆள் இல்லை. கோசலா கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். இது இல்லாமல் அவரால் இன்னொரு ரயிலில் ஏற முடியாது. அப்படியென்றால் இதோடு நான் அவருக்குக் கிட்ட நிற்க வேண்டும்.

"வூஹானில் இறங்குகிறேன்" என்று சொன்னாள். "என் மகனுக்கும் ஒரு அழைப்பு எடுக்க வேண்டும்." மகனுடைய இலக்கத்தை மனதிலிருந்து சொன்னாள்.

பணிப்பெண் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனாள். கோசலா இருக்கையில் ஏறி நின்று, மேலே இருந்த இரண்டு பயணப்பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக் காலடியில் வைத்தாள். பயம் போகவில்லை. ஆனால் செய்வதற்கு ஒரு வேலை இருந்தபோது அது கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

பணிப்பெண் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். தொலைபேசியில் ஒரு படம் இருந்தது. இரண்டு பெட்டிகள் சேரும் ஒடுங்கிய இடத்தில், சுவரில் சாய்ந்தபடி, கையில் ஒரு காகிதக் குவளையோடு வரதராசா நின்றார். களவெடுத்துப் பிடிபட்டவரின் முகம்.

தொலைபேசி ஜெர்மனில் விளக்கம் சொன்னது. இது ஒரு ரயில் இல்லை, எட்டு எட்டுப் பெட்டியாக இரண்டு ரயில்கள் மூக்கோடு மூக்காகக் கொழுவியவை. கதவு மூடும் நேரத்தில் உங்கள் கணவர் முன் ரயிலில் பாய்ந்து ஏறிவிட்டார். ஓடும்போது அங்கிருந்து இங்கே வர வழி கிடையாது. வூஹானில் இறங்கி வருவார்.

கோசலாவுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. உலகத்து ரயிலெல்லாம் தெரிந்த மனிசன், இது தெரியாமல் போச்சே! அவள் சிரித்ததைப் பார்த்து மறுபக்கத்துப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பெட்டி நிறைய சின்னத் தக்காளிகளை நீட்டினாள். கோசலா டீட்டிகோனில் பொரித்துக் கொண்டுவந்த பருத்தித்துறை வடையை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் மொறுமொறுவென்று கடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

வூஹானுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. கோசலா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வெளியே கோதுமை பச்சைப் பசேலென்று கிடந்தது, வரம்பில்லாத பச்சை. நடுவில் எங்கோ ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்; பார்ப்பதற்குள் போய்விட்டார். யாருடைய ஊரோ, ஒரே மாதிரி உயர்ந்த மாடிவீடுகள் கூட்டமாக வந்து போயின. பிறகு மலைகள் வந்தன. குகைக்குள் புகுந்து வெளியே வந்தால் ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி இருட்டு, மறுபடி வேறொரு பள்ளத்தாக்கு. மலைகளைத் தாண்டியதும் மண்ணே மாறிவிட்டது. வயல்கள் எல்லாம் தண்ணீர் கட்டி, வானத்தை வாங்கி வைத்துக்கொண்டு கிடந்தன. ஒரு குளத்தில் வாத்துகள். யாரும் அவளுக்கு எதையும் விளங்கப்படுத்தவில்லை. அவள் எதற்கும் "ஓம், ஓம்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லையே என்று அவள் கவலைப்படவில்லை என்பது, பிறகு யோசித்தபோது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

வூஹானில் வரதராசா மேடை நீளத்துக்கு ஓடிவந்தார். மூச்சு இரைக்க வந்து இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார்.

"பயந்துபோனீரோ?"

"முதல் பயந்தனான். பிறகு இல்லை. இருங்கோ, வேர்த்துக் கொட்டுது."

ஜன்னல் பக்கம் அவள் இருப்பதைப் பார்த்தார். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார். ரயில் புறப்பட்டது.

"அங்கை இருக்க இடமில்லையோ?" என்று கோசலா கேட்டாள்.

"நிண்டுகொண்டுதான் வந்தன். கதவடியிலை. அங்கை ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதையும் ஒருத்தன் மறைச்சுக்கொண்டு நிண்டுட்டான்." பிறகு, "மலையெல்லாம் போனதே? குகையள்?" என்று கேட்டார்.

அவருடைய குரலைக் கேட்கக் கோசலாவுக்குப் பாவமாக இருந்தது. மாதக் கணக்காகப் படம் பார்த்துப் பார்த்துத் தயார்செய்த மனிதர், நல்ல பகுதியைக் கதவடியில் நின்று தவறவிட்டுவிட்டார்.

"இஞ்சாலை வந்து இருங்கோவன்" என்றாள்.

"இல்லை, நீர் இரும். நீர் சொல்லும், கேப்பம்."

அவள் சொன்னாள். கோதுமையிலிருந்து தொடங்கி வாத்து வரைக்கும் சொன்னாள். அவர் நடுவில் ஒரு எண்கூடச் சொல்லவில்லை. சைக்கிள் தள்ளிய கிழவரைப் பற்றி மட்டும் இரண்டுதரம் கேட்டார்.

குவாங்சோவில் சயந்தன் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தான். "ஒரு சீனப்பிள்ளை எனக்குப் போன் அடிச்சு, உங்கடை அப்பாவைக் காணேல்லை எண்டுது. அஞ்சு நிமிசத்திலை திரும்ப அடிச்சு, கண்டுபிடிச்சாச்சு எண்டுது. எனக்கு உயிர் போய் வந்தது!"

"அப்பா காணாமல் போகேல்லை" என்றாள் கோசலா. "படம் எடுக்கப் போனவர்."

திரும்பி வந்து லோன்றியில் இந்தக் கதையைச் சொன்னபோது ஜெயமலர் சிரித்த சிரிப்பில் விரிப்பு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கோசலா அதைத் தோய்க்கும் கூடைக்குள் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில், "நாளைக்கு நான் லோசானுக்குப் போறன்" என்று கோசலா சொன்னாள்.

லோசானில் பவதாரணி இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே வகுப்பு. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் இரண்டு கலியாண வீடுகளில் சந்தித்ததோடு சரி, மற்றபடி தொலைபேசிதான். வா வா என்று அவள் கூப்பிடாத மாதமில்லை.

"நாளைக்கு எனக்கு வேலையல்லோ? ஆர் உம்மைக் கூட்டிக்கொண்டு போறது?"

"ஒருத்தரும் இல்லை. நான் போறன்."

வரதராசா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு எங்கே மாற வேண்டும், எத்தனையாம் மேடை என்று சொல்லத் தொடங்கினார். கோசலா பாதியைக் கேட்டாள்.

கேட்காத பாதியில்தான் பிழை நடந்தது. ஓல்ரனில் மாறும்போது அவள் வேறு ரயிலில் ஏறிவிட்டாள். அதுவும் லோசானுக்குத்தான் போகிறது, ஆனால் பீல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு. பீல் வந்ததும் சீட்டுப் பார்க்க வந்த பெண், பிழையில்லை, கொஞ்சம் பிந்திப் போவீர்கள் என்றாள். அதன் பிறகு ஒரு ஏரி வந்தது. அது முடிய இன்னொரு ஏரி. கரையில் திராட்சைத் தோட்டங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தன.

லோசான் மேடையில் பவதாரணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எங்கையடி போனனீ? உன்ரை மனிசன் எனக்கு மூண்டுதரம் அடிச்சிட்டார்!"

"ஏரி பாத்துக்கொண்டு வந்தனான்" என்றாள் கோசலா.

அன்று பின்னேரம் வரை இருவரும் பவதாரணி வீட்டுச் சமையலறையில் இருந்தே கதைத்தார்கள். வெளியே எங்கும் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கோசலா இன்றைக்கும் ஷ்லீரனில் விரிப்பு மடிக்கிறாள். வீட்டுக்கு வரும் கடிதங்களை வரதராசாதான் உடைக்கிறார். வரிப் பத்திரத்தையும் அவரே நிரப்புகிறார். அதில் அவளுக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் ரயிலேறுகிறாள். ஒருதரம் ஜெயமலரைக் கூட்டிக்கொண்டு போனாள். மற்ற நேரமெல்லாம் தனியே.

போன கிழமை, கூர் பக்கம் பனி கொட்டியிருக்கிறதாம், பார்த்துவரப் போகிறேன் என்று சொன்னபோது, வரதராசா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "நானும் வரட்டோ?" என்று கேட்டார்.

"வாங்கோவன்" என்றாள் அவள். "சப்பாத்து நல்லதாப் பாத்துப் போடுங்கோ, அங்கை வழுக்கும்."