தண்ணீங்க

இரண்டாயிரத்து ஐந்தில், உடைந்த தோளுக்குப் பிசியோதெரபி செய்துகொள்ளத் திருப்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போயிருந்தன. நரைத்த மீசை, கசங்காத சட்டை. மடியில் கிடக்கும் துண்டை, வெட்டப் போகிற பனியன் துணியைப் போல இடது கையால் நீவிக்கொண்டே இருப்பார்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் திருநெல்வேலிக்காரி, ஊருக்குப் புதிது. தண்ணீர் டம்ளர் படத்தைக் காட்டி, "ஐயா, இது என்னது?" என்றாள்.

அவர் உதடு வெகுநேரம் துடித்தது. "...ங்க."

"எங்கன்னு கேக்கியளா? இந்தா இருக்குல்லா!" என்று படத்தில் விரலை வைத்தாள்.

ஒரு வாரம் எல்லாப் படத்துக்கும் இதே கதைதான். கடைசியில் அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "எங்கேன்னு கேக்கலீங்க அம்மணி. தண்ணீங்கன்னு சொல்றாருங்க. வார்த்தை வரலீங்க, மரியாதை மட்டும் வந்துருது."

மறுநாளிலிருந்து அவளும் "தண்ணீங்க" என்றே சொல்லிக்கொடுத்தாள்.

என் சிகிச்சை முடிந்த அன்று அவரிடம், "போய்ட்டு வர்றனுங்க" என்றேன். நீவுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"...ங்க."

போய்ட்டு வாங்க என்றாரா, இன்னும் கொஞ்சம் இருங்க என்றாரா, இன்றுவரை தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து, "சரிங்க" என்றேன்.