கடைசித் தாளை வெட்டி வைத்த ஞானாம்பிகை

ஞானாம்பிகைக்குத் துப்பறியும் கதை என்றாலே குமட்டிக்கொண்டு வரும். ஆனால் அவள் அடுப்பு எரிந்ததே அந்தக் கதைகளால்தான். என்ன செய்வது, தலையெழுத்து!

கொக்குவிலில், சிலிப்பர்க் கட்டைகளையெல்லாம் செல்லடிக்குப் பதுங்கும் பங்கர்களை மூடப் பிடுங்கிக்கொண்டு போய்விட்ட தண்டவாளப் பாதைக்கு அருகே அவளுடைய வளவு. எண்பத்து நாலில் வெளிநாட்டுக்கு ஓடிய தம்பி வீட்டையும் விட்டுப் போனான், ஒரு றங்குப்பெட்டி நிறைய மர்ம நாவல்களையும் விட்டுப் போனான். கலியாணம் அவளுக்குச் சரிவரவில்லை. வந்த மாப்பிள்ளைகளில் ஒருவன் மூக்கால் கதைத்தானாம், இன்னொருவன் சோறு குழைத்த விதம் பிடிக்கவில்லையாம். ஒரு பிரக்கிராசியாரிடம் வழக்குக் கடதாசிகளை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கோடும் கச்சேரியும் இழுத்து மூடிய பிறகு அந்த வேலையும் போயிற்று. அப்போதுதான் தம்பியின் பெட்டியைத் திறந்தாள். அட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் துவக்கோடு ஒருத்தி, உடுப்புப் போதாமல் ஒருத்தி. சாமிப் படம் இருக்கிற வீட்டில் இதுகளா என்று ஒவ்வொன்றுக்கும் மாட்டுத்தாள் உறை போட்ட பிறகுதான் வாடகைக்கு விடத் தொடங்கினாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு தேங்காய், அல்லது ஒரு கட்டு விறகு, அல்லது ஜாம் போத்தல் விளக்கு இரண்டு நாள் எரியக் கூடிய மண்ணெண்ணெய்.

தொண்ணூறுக்குப் பிறகு பாதை பூட்டு, கரண்ட் இல்லை, புதுப் புத்தகம் வராது. இருந்ததுக்குக் கிராக்கி ஏறியது. கொண்டு போனவன் திருப்பித் தர மாட்டான். புத்தகம் கைமாறிக் கைமாறி வட்டுக்கோட்டை வரை போய்விடும். ஞானாம்பிகை ஒருநாள் பிளேடை எடுத்தாள். எல்லாப் புத்தகத்திலும் கடைசித் தாளை வெட்டி, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டுப் பூட்டினாள். கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டுமா? புத்தகத்தைக் கொண்டு வா. விறாந்தையில் அவள் கண் முன்னால் நின்று தாளை வாசி, திருப்பிக் கொடு, போ.

அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் தொலையவில்லை. ஆனால் விறாந்தையில் நின்று வாசிக்கிறவர்களின் மூஞ்சியைப் பார்ப்பது அவளுக்குத் தினமும் ஒரு தண்டனையாக இருந்தது. "அட, டொக்டர்தானே!" என்று வாயைப் பிளப்பார்கள். "நான் அப்பவே நினைச்சனான்" என்று புளுகுவார்கள்.

நினைத்தானாம்! இதிலே நினைக்க என்ன இருக்கிறது? பழைய புத்தகங்களில் கொன்றவன் வேலைக்காரன். கொஞ்சம் புதிதானால் டொக்டர். ஆகக் கடைசியாகக் கிளாலிக் கடலால் ஒருவன் ஒளித்துக் கொண்டு வந்த ஒன்றிரண்டில், அதுவரைக்கும் கதையிலேயே இல்லாத ஒருத்தன் கடைசிப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு வந்து குதிக்கிறான். துப்பறிகிறவனுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை, அவள் வாயைத் திறந்தால் ஆபாசம். படம் அதைவிடக் கேவலம். ஜெனறேற்றரில் மண்ணெண்ணெய் ஊற்றி, முப்பது பேர் வேர்த்து நாறி ஓர் அறைக்குள் இருந்து பார்ப்பார்கள். படத்தில் எல்லாம் முடிந்த பிறகு பொலிஸ் ஜீப் வரும். கரண்ட் இருந்த காலத்தில் கமுக மரத்துக்கு மேலே அன்ரெனா கட்டி இந்தியத் தொடர் பார்த்த ஆட்களையும் அவளுக்குத் தெரியும். ஒரு மனிதன் செத்ததைப் பதின்மூன்று கிழமை கதைப்பான்கள், அதற்குள் பத்துத் தரம் சவர்க்கார விளம்பரம். ஊருக்குள்ளே எத்தனை பேர் செத்தார்கள்! யார் கொன்றது என்று கேட்க ஒரு நாய்க்கும் வாய் வரவில்லை. கடதாசியில் செத்த மெட்ராஸ்காரிக்குத்தான் இவ்வளவு துடிப்பு.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் சீவரத்தினத்தார். அந்தப் பகுதிக்கு மரண விசாரணை அதிகாரி. யாராவது திடீரென்று செத்தால் அவர் வந்து பார்த்து, இன்னதால் சாவு என்று எழுதிக் கொடுத்தால்தான் அடக்கம் பண்ணலாம். வெள்ளை வேட்டி, தங்கப் பிறேம் கண்ணாடி, சைக்கிள் ஹாண்டிலில் குடை. "முப்பதாம் பக்கத்திலையே ஆளைப் பிடிச்சுப்போடுவன் பிள்ளை" என்று பீற்றிக்கொள்வார். பிறகு ஏன் ஓடி ஓடி வந்து கடைசித் தாளைக் கேட்கிறார் என்று ஞானாம்பிகை மனதுக்குள் ஏசிக்கொள்வாள்.

வளவின் பின்பக்கக் கொட்டிலில் பெர்னடெட்டும் அவள் புருஷன் அடைக்கலநாதனும் மகளும் இருந்தார்கள். குருநகரில் செல்லடி தாங்காமல் ஓடி வந்த கடற்றொழில் குடும்பம். வெறும் கொட்டில்தானே என்று இடம் கொடுத்தாளே தவிர, ஞானாம்பிகை அவர்கள் கையால் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. கிணற்றுக்கு அவர்களுக்கு வேறு வாளி. அடைக்கலநாதன் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கொண்டுவந்து மதிலில் வைத்துவிட்டுப் போவான். அவள் நாலு தரம் கழுவித்தான் சட்டியில் போடுவாள். அவனோடு அவள் கதைத்த கதையைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் வராது. ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். அவன் கள்ளுத் தவறணைப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவன். தகப்பன் குடித்துச் செத்ததால் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தவன்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு காலை அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முதல் நாள் பின்னேரம், ஆழமில்லாத பரவைக் கடலில் தடி நட்டு மீன் மறிக்கிற களங்கட்டிப் பக்கம் வலை வைக்கப் போனவன். வெடிச்சத்தம் கேட்டது உண்மை. எந்தப் பக்கத்து வெடி என்று விசாரிக்கிற பழக்கம் ஊரில் அப்போது இல்லை. பிரேதம் ஒழுங்கைக்குள் நுழைய முன்னமே தேத்தண்ணிக் கடை ஏரம்பு தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இடுப்பளவு தண்ணியிலை ஒரு குருநகரான் மூழ்கிச் சாகிறதெண்டால், எத்தினை போத்தல் உள்ளை போயிருக்கும்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மதிலுக்கு இந்தப் பக்கம் பெர்னடெட்டின் காதில் விழுந்தது. அவள் அதுவரை அழுதுகொண்டிருந்தவள், நிறுத்திவிட்டாள்.

சீவரத்தினத்தார் வந்தார். லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று முழம் தள்ளி நின்று முகத்தைப் பார்த்தார்.

"வயிறு ஊதியிருக்கு. தண்ணியிலை மூழ்கினதுதான். வெறியிலை விழுந்திருக்கலாம்."

"ஐயா, அவர் குடிக்கிறேல்லை" என்று பெர்னடெட் முன்னால் வந்தாள். "அவற்றை முதுகைப் பாருங்கோ. கழுவேக்கை கண்டனான். ஒரு ஓட்டை இருக்கு ஐயா. ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ."

"ஐஸ் கிடைக்கிற காலமே பிள்ளை? வைச்சிருக்கேலாது. பின்னேரமே எடுத்துப்போடுங்கோ."

"எடுக்கிறம் ஐயா. குடிச்சுச் செத்ததெண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. என்ரை பொடிச்சி நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேணும். கடலிலை பிறந்த மனிசன் ஐயா, இடுப்புத் தண்ணியிலை மூழ்கினதெண்டு சிரிக்கினம்."

அவர் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளாமல் விறாந்தைக்கு ஏறினார். ஏறி என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து மாட்டுத்தாள் உறை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"பிள்ளை ஞானம், வந்ததோடை அந்தக் கடைசித் தாளையும் ஒருக்கால் தாரும். ராத்திரி முழுக்க நித்திரையில்லை."

ஞானாம்பிகை தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்வளவில் ஒருத்தன் செத்துக் கிடக்கிறான்.

"அருமையான கதை, கண்டீரே! ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் சுத்த விசரன். பிரேதத்தைத் திருப்பிப் பாக்கேல்லை. குத்து முதுகிலை! எனக்கு அப்பவே விளங்கிட்டுது. உப்பிடியான மோடனுக்கெல்லாம் ஆர் உத்தியோகம் குடுத்தது?"

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பிஸ்கட் ரின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாள் இருக்கு ஐயா. உங்கை கிடக்கிற மனிசனைத் திருப்பிப் பாத்திட்டு வாங்கோ. தாறன்."

"என்ன பிள்ளை, பகிடியே?"

"பகிடி இல்லை. கடதாசிப் பிரேதத்தைத் திருப்பேல்லை எண்டு இன்ஸ்பெக்டரை விசரன் எண்டியள். அப்ப நீங்கள் ஆர்?"

சீவரத்தினத்தாரின் முகம் சுருங்கியது. ஒழுங்கைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உது கதைப் புத்தகம் இல்லை ஞானம். வெடிக்காயம் எண்டு எழுதினால், ஆற்றை வெடி எண்டு கேப்பினம். இஞ்சாலை உள்ளவையும் கேப்பினம், அங்காலை உள்ளவையும் கேப்பினம். எனக்கு ரெண்டு குமர்ப் பிள்ளையள் வீட்டிலை இருக்கு. போனவன் போட்டான். தண்ணி எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நான் ஒண்டும் பாக்கேல்லை."

"பாக்காமலே தெரியும். அதாலைதான் திருப்பேல்லை."

அவர் பேனையை எடுத்துக் கதிரைக் கையில் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீரில் மூழ்கியதால் மரணம், மதுபோதை காரணமாக இருக்கலாம். தாளை விறாந்தை மேசையில் வைத்தார். பயந்தவன் பயந்தது பாதகமில்லை, பயம் ஊருக்கே பொது. அந்தக் கடைசி மூன்று சொல்லையாவது விட்டிருக்கலாமே பாவி! செத்தவனைக் குடிகாரனாக்கினால்தான் இவருடைய பொய் நிமிர்ந்து நிற்கும்போலும்.

எழும்பிப் போக வேண்டிய மனிதர், போகாமல் நின்றார். பிஸ்கட் ரின்னைப் பார்த்தார். கை தானாக நீண்டது.

ஞானாம்பிகை அந்த நீட்டிய கையை நன்றாகப் பார்த்தாள். ஒரு மனிதன் மேல் இவ்வளவு அருவருப்பு வரும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. ரின்னைத் திறந்து தாளைத் தேடி எடுத்துத் தரையில் போட்டாள். அவர் குனிந்து எடுத்தார். வாசித்தார்.

"அட, தங்கச்சிக்காரி!" என்றார்.

சைக்கிள் ஒழுங்கையால் போய் மறைந்தது. அவள் பின்வளவுக்குப் போனாள். பெட்டி வந்திருந்தது. பலகை தட்டுப்பாடு, பழைய கட்டிலை உடைத்து யாரோ அடித்துக் கொடுத்தது. பெர்னடெட் பிரேதத்துக்கு வழக்கப்படி கலியாணக் கோட்டைப் போடவில்லை. செத்தபோது போட்டிருந்த சேட்டையே கழுவி, ஈரத்தோடு திரும்பப் போட்டிருந்தாள்.

"என்ன எழுதினவர் அக்கா?"

ஞானாம்பிகை வாசித்துக் காட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பெர்னடெட்டுக்கு விளங்கிவிட்டது. புருஷனின் சேட்டுக் கழுத்தை இழுத்து நேராக்கினாள்.

"அக்கா, இவரைக் கமுத்துக் கிடத்துவமே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்! அப்பிடி ஆரும் செய்யிறதே?"

"செய்யிறேல்லைத்தான். சனம் வரப் போகுது. முகத்தைப் பாத்திட்டு, பாவம் குடிச்சுச் செத்தவன் எண்டு சொல்லிக்கொண்டு போகப் போகுது. என்ரை பொடிச்சி பக்கத்திலை நிண்டு அதைக் கேக்கவேணும்."

தூக்கி வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். அங்கே வேறு யாரும் இல்லை. ஞானாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மூன்று வருஷம் அவர்கள் வாளியைத் தொடாதவள், குனிந்து அடைக்கலநாதனின் இரண்டு தோளையும் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை.

"நீ காலைப் பிடி. மெல்ல."

இரண்டு பெண்களுமாகத் தூக்கி அவனைப் பெட்டிக்குள் முகம் கீழாகக் கிடத்தினார்கள். தோள்பட்டைக்குக் கீழே சேட்டில் ஒரு ஓட்டை, அதற்கு நேரே உடம்பில் ஒரு ஓட்டை. ஒரு குழந்தையும் பார்த்து விளங்கிக்கொள்ளும்.

பின்னேரம் சனம் வந்தது. ஞானாம்பிகையிடம் புத்தகம் எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஒவ்வொருவராகப் பெட்டிக்குக் கிட்ட வந்து, பார்த்து, திடுக்கிட்டு நின்றார்கள். தெரிந்த முகங்கள்தான், விறாந்தையில் நின்று வாயைப் பிளக்கிற அதே முகங்கள். ஒருவராவது வாயைத் திறந்தாரா? இல்லை. ஏரம்பு தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பின்னுக்குப் போனான். சீவரத்தினத்தார் பின்வளவுப் படலையடி வரை வந்தார். அங்கிருந்தே பெட்டியில் முதுகு தெரிவதைக் கண்டார். உள்ளே வரவில்லை. குடையை விரித்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டு, வெயில் இல்லாத நேரத்தில் அப்படியே நின்றார்.

கோயிலில் இருந்து சுவாமியார் செபப் புத்தகத்தோடு வந்தார். பெட்டிக்குக் கிட்ட வந்தவர் திகைத்துப் போனார்.

"என்ன பிள்ளையள் இது? ஆண்டவரே! ஆரிப்பிடிக் கிடத்தினது? திருப்புங்கோ, திருப்பி நேராக் கிடத்துங்கோ."

இரண்டு ஆண்கள் முன்னுக்கு வந்தார்கள். ஞானாம்பிகை அசையாமல் தலைமாட்டில் நின்றாள். அவர்களுக்கு வழி விடவில்லை. பெர்னடெட் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். சனம் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்.

"இருக்கட்டும் சுவாமி. குடிகாரனெண்டு சொன்னவை எல்லாரும் பாத்து முடியட்டும். பிறகு திருப்புவம்."

சுவாமியார் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர் செபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானும் குனிந்து அந்த முதுகைப் பார்த்தார்.