பகலில் தூங்குகிறவர்களுக்கு ஒரு வரி

சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் எங்கள் குவார்ட்டர்ஸின் ஜன்னல்களில் பழைய போர்வைகள் தொங்கும். அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் அம்மாவும் நானும் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருப்போம். ஒரு விரல் காட்டினால் தண்ணீர், இரண்டு விரல் என்றால் பசி. குக்கரை விசில் அடிக்கக்கூட அம்மா விடமாட்டாள். சுரங்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கிற ஆளுக்கு என்ன நேரும் என்று அவள் விளக்கியதில்லை. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பேச்சைச் சுருக்கிய அந்த வளர்ப்புதானோ என்னவோ, புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்த பிறகு அதில் வரும் எல்லாவற்றுக்கும் ஒற்றை எழுத்தில்தான் பெயர் வைத்தேன். எனக்குப் புரிந்தால் போதாதா என்ற திமிர் வேறு. “நீ எழுதினத நீயே பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காட்டினாத்தான் உண்டு” என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போவேன்.

இப்போது சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, வீட்டிலிருந்தே வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கத்துத் தெரு வேன்காரருக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சுரங்கத்துக்குப் போகும் கான்ட்ராக்ட் ஆட்களில் யார் எந்த வேனில் ஏற வேண்டும் என்று அவரவர் போனுக்கு அது செய்தி அனுப்பும். சந்தேகம் கேட்க என் நம்பர் கீழே இருக்கும்.

போன மாதம் ஒரு காலை, சும்மா இருக்க முடியாமல் அதைத் திறந்து சுத்தம் செய்தேன். ‘p 3, n 1 என்றால் தாண்டிப் போ’ என்று ஒரு வரி. எழுதியவள் நான்தான். ஏன் எழுதினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. கனவில் யாரோ சொன்ன விலாசம் மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். வீட்டைப் பெருக்கி முடித்தது போல ஒரு நிம்மதி.

அன்றே பதினோரு மணிக்கு போன். ஒரு பெண், மிகத் தணிந்த குரலில் பேசினார்.

“நைட் முடிச்சிட்டு வந்து இப்பதாங்க எங்க வூட்டுக்காரரு தூங்கிகினு இருக்காரு. இன்னிக்கே மத்தியானம் ரெண்டாம் ஷிப்ட் வேன்ல பேரு வந்திருக்குது. கான்ட்ராக்ட் வேல, போவாம இருக்க முடியாதுங்க. எழுப்பட்டுங்களா?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நைட் ஷிப்ட் முடித்தவருக்கு ஷிப்ட் மாறுகிற அந்த ஒரு நாள் ஓய்வு. ‘p 3’ என்றால் முடித்த நைட் ஷிப்ட், ‘n 1’ என்றால் அதற்கடுத்த முதல் நாள்; நான் அழித்த வரி அதுதான். வேறு எந்த வரியை மறந்திருந்தாலும் பரவாயில்லை, அப்பாவின் தூக்கத்தை நான் மறந்திருக்கக் கூடாது.

“எழுப்பாதீங்கம்மா,” என்றேன். என்னை அறியாமல் கிசுகிசுத்திருந்தேன்.

அதே போல இன்னும் மூன்று பேருக்குச் செய்தி போயிருந்தது; ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டு வீடுகளில் பெண்கள் எடுத்தார்கள், யாரையும் எழுப்பியிருக்கவில்லை. மூன்றாவது நம்பரில் அவரே எடுத்தார்.

“தோ, சட்ட மாட்டிகினு இருக்கேங்க. வந்துடறேன்,” என்றார். குரல் பாதித் தூக்கத்தில் இருந்தது.

“வேணாம்ணே, தப்பு என்னுது. படுத்துக்குங்க.”

போனில் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

அந்த வரியைத் திரும்ப எழுதினேன். இந்த முறை ஒற்றை எழுத்துகள் இல்லை. யார், எந்த ஷிப்ட், எந்த நாள் என்று முழுப் பெயர்கள் வைத்தேன். அதற்கு மேலே, அடுத்து யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படும்படி, தமிழில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: ‘இவர் காலையில்தான் வந்து படுத்தார். எழுப்ப வேண்டாம்.’