உறையில் இல்லாத கடவுச்சொல்

செவ்வாய்க்கிழமை காலை, கேரளத்தில் கழக்கூட்டம் என்ற ஊரிலிருக்கும் எங்கள் அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. சரோஜா அக்காவின் கணவர் மணி சார். "பாமா, சரோஜா போயிட்டா. ஆபீஸ்ல சொல்லிடு" என்றார். சரி என்றேன். பாதியில் நின்ற மின்னஞ்சலை முடித்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். அதில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. அழுகையும் வரவில்லை.

எங்கள் அலுவலகக் கணினிகளையெல்லாம் பராமரித்தவர் சரோஜா அக்கா. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. அலுவலக நண்பர்களே, உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். ஒருமுறை நான் விடுப்பில் இருந்தபோது ஒரு கடவுச்சொல்லை மின்னஞ்சலில் கேட்டேன். பதில் வரவில்லை. மறுநாள் நேரில் போனதும் மெதுவாகச் சொன்னார். "சொல்லக் கூடாதுன்னு இல்லே. எழுதி அனுப்பினா யார் கையிலயும் போகும், கேட்டோ?"

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. வலியசாலையில் அக்காவின் வீட்டில் கணினி கூடத்தில் இருந்தது. வீட்டுக்குப் பொதுவாக ஒரு மின்னஞ்சல். பெங்களூரில் வேலை பார்த்த மகள் வித்யா அதற்குத்தான் எழுதுவாள். மறந்துபோகும் என்று மணி சார் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். ரயில் நேரம் பார்க்க வந்த உறவினர் ஒருவர் அதை வைத்து அஞ்சலைத் திறந்துவிட்டார். நிச்சயமான கல்யாணம் வேண்டாம் என்று வித்யா எழுதியிருந்தாள். அம்மா படிக்கும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வித்யா அதன்பின் பல மாதம் எழுதவேயில்லை.

அக்கா கணவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லையாம். தாளைக் கிழித்துப் போட்டார். புதிய கடவுச்சொல்லை அவருக்குச் சொல்லி, மனப்பாடமாகும்வரை தினமும் கேட்டார். கடவுச்சொல் மாறிவிட்டதை வித்யாவிடம் சொல்லப் பெங்களூருக்கே ரயிலேறினார். போனில் சொல்லியிருக்கலாமே என்றேன். "அவ மொகத்தைப் பாத்துச் சொல்லணும்னு தோணித்து" என்றார். பிறகு கடிதங்கள் மறுபடி வந்தன.

தனக்கு வந்த நோய் முற்றிவிட்டது தெரிந்ததும், அக்கா எல்லாக் கடவுச்சொற்களையும் எழுதி உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்தார். இடத்தைக் கணவருக்கும் மகளுக்கும் மட்டுமே சொன்னார்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து அவர்கள் உறையைப் பிரித்தபோது நானும் இருந்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு வரி: "என் சொந்த மெயில் இதில் இல்லை. தேட வேண்டாம்."

அந்த அஞ்சல்பெட்டி அலுவலகக் கணினியில் இருந்தது. அவருடைய வேலை இப்போது என்னிடம். மணி சார் தாளை மடித்தபடியே கேட்டார்.

"நீ நெனச்சா தொறக்கலாம், இல்லையா?"

"தொறக்கலாம் சார்." பொய் சொல்ல வரவில்லை.

"அதுல என்ன இருந்தாலும் பரவாயில்லே. அவ எழுதினதா இருந்தாப் போறும்."

வித்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ப்பா. அம்மா சொல்லிட்டா."

அவர் மடித்த தாளைப் பிரித்து, கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு, "அழிச்சுடு பாமா" என்றார்.

திங்கட்கிழமை அழித்தேன். உள்ளே கடிதங்கள் இருக்கின்றன, நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். சோறு இறங்கியது. சரோஜா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது, பார்க்க முடிந்தும் பார்க்காமல் விட்ட அந்த ஒரு நிமிடம்தான்.