நீலச் சட்டைக்கு உடைத்த தேங்காய்

நேற்று மார்க்கெட்டில் மீன்காரர் ஒருவர் சாக்கை விலக்கி ஐஸ் கட்டியை உடைத்தார். நனைந்த சாக்கும் உமியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், மீன் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். சாளையா நெத்திலியா என்று அவர் இரண்டு தடவை கேட்டிருப்பார் போல. நான் செய்யதுவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. செய்யது அங்கே மிஷின் ஆபரேட்டர். மேலப்பாளையத்துக்காரன், என் வயதுதான். அம்மோனியா வாடை அவன் சட்டையை விட்டுப் போகாது. எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும், டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் கடைசியாகத்தான் நிறையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரர்கள் சைக்கிளில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் மத்தியானம் ஈ ஓட்டுவதுதான் வேலை. முதலாளி கிரிக்கெட்டுக்காக ஆபீஸ் ரூமில் கேபிள் டிவி வைத்திருந்தார். அதில் சானலை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அதைப் பார்த்தோம். மைதானம் முழுக்க ஐஸ். அதன்மேல் கம்பும் கையுமாக ஆட்கள் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இம்புட்டு ஐஸயும் விக்காம மேல ஏறி வெளாடுதானுவளே, வெளங்குவானுவளா?" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அவர் கவலை அவருக்கு.

பாளையங்கோட்டையில் ஹாக்கி பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த ஆட்டம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. பந்துக்குப் பதில் கறுப்பாக ஒரு சில்லு, அவ்வளவுதான். டீம்களின் பெயர் வாயில் நுழையாது. பி.காம். படித்தவன் என்று பெயர்தான், வர்ணனையில் எனக்குப் புரிந்தது கோல் எண்ணிக்கை மட்டும். அதனால் சட்டை நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டோம். எங்கள் டீம் நீலம். முதல் வாரம் தோற்றவர்கள் அவர்கள்தான்; செய்யதுவுக்குத் தோற்றவன் பக்கம் போய் நிற்கிற குணம். நீலத்தின் கோல்கீப்பர் முகமூடியும் கவசமுமாக வாசலை மறித்து நிற்பதைப் பார்த்து, எங்கள் பக்கத்துக் காவல்சாமியான சங்கிலிபூதத்தார் பெயரை அவருக்கு வைத்தேன். செய்யதுவும் அப்படியேதான் சொல்வான். கோல் விழுந்தால் பூதத்தார் இன்றைக்கு உறங்குகிறார் என்று நொந்துகொள்வான்.

வாரத்துக்கு ஓர் ஆட்டம். நீலம் சரியும்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நேர்ந்துகொள்வது. நான் படித்துறைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன், அவன் தர்காவில் சர்க்கரை வைத்து ஓதுவான். காரியம் பலித்த பிறகு செலுத்துவதுதான் முறை. எங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சனிக்கிழமையே செலுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாமியை நெருக்குவோம்.

பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். நீலம் கடைசி ஆட்டம் வரை போனது. அந்தச் சமயம் பார்த்து செய்யதுவுக்கு விசா வந்தது. வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. வாப்பா இல்லாத வீடு, கல்யாணத்துக்குத் தங்கச்சிமார் இருந்தார்கள். போகாமல் முடியாது. போக மனசும் இல்லை. கடைசி ஆட்டம் டிவியில் வருவதற்கு முந்தின வாரம் ஜங்ஷனில் அவனை ரயிலேற்றினேன். சாரல் காற்று தொடங்கியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நீலம் ஜெயிச்சா அங்கன எனக்கும் எல்லாம் நல்லபடியா நடக்கும்னு மனசுல வச்சிருக்கேன் வே. தேங்காய மறந்துராத."

எனக்குப் பயமாகிவிட்டது. அதுவரை விளையாட்டு. இப்போது இவன் தலையெழுத்தையும் அந்தச் சில்லின்மேல் ஏற்றி வைத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி போனில் கூப்பிட்டான். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயிற்று என்றான். கிடங்கில் மேலதிகாரி ஒரு கனடாக்காரர் என்றும், அரைகுறை இங்கிலீஷில் அவரிடம் நீலத்தைப் பற்றி விசாரித்ததாகவும் சொன்னான்.

"நாம பாக்கதெல்லாம் பழைய ஆட்டமாம் வே. அது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆவுதாம்."

உடைத்த தேங்காயெல்லாம் கண்முன் வந்தது. ஒரு சீசன் முழுக்க, என்றோ முடிந்துபோன ஆட்டங்களுக்காகப் பிள்ளையாரையும் தர்கா அவுலியாவையும் தொந்தரவு செய்திருக்கிறோம். யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

"ஒனக்கு நாளைக்குத்தான வே. அதுவரைக்கும் நமக்கு ஜெயிக்க வழி இருக்குல்லா. நீ போயி தேங்காய ஒடை."

குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உடைத்தேன். தேங்காய்கூட நன்றாகத்தான் உடைந்தது. மறுநாள் நீலம் தோற்றது. பூதத்தார் முகமூடியைக் கழற்றிவிட்டு ஐஸில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். யாரோ வெள்ளைக்காரன் தோற்றதற்கு இவன் ஏன் அழுகிறான் என்று முதலாளி விழித்தார். சகுனம் கெட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேதான் செய்யது எனக்கு ஒருநாள் மிச்சம் வைத்திருக்கிறான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சகுனத்தை அவன் பொய்யாக்கினான். தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தான். லீவில் வந்தால் ஐஸ் கம்பெனிக்கு வந்து என்னோடு ஆட்டம் பார்க்காமல் போகமாட்டான்.

தொண்ணூறுகள் முடியும் சமயம் வளைகுடாவிலேயே தூக்கத்தில் போய்விட்டான். அடக்கமும் அங்கேயே. நான் அப்போது வேலை மாறி அம்பாசமுத்திரத்தில் இருந்தேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா எல்லாம் முடிந்த பிறகு, பஸ்ஸில் தற்செயலாகப் பார்த்த அவன் மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாற்பது நாளும் நான் ஞாயிறு தவறாமல் ஆட்டம் பார்த்திருக்கிறேன். நீலத்துக்குப் புதிதாக ஒரு பூதத்தார் வந்திருந்தார். செய்யது வந்ததும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஆட்டம் முடிந்த நிமிஷமே முடிவு போனில் வந்துவிடுகிறது, சாவுச் செய்தியும் அப்படித்தான். செய்யது இந்தக் காலத்தில் போயிருந்தால் அன்றைக்கே எனக்கும் தெரிந்திருக்கும். நாற்பது நாள் அவனை உயிரோடு வைத்திருந்திருக்க முடியாது.