விளாவ ஒரு குடம்

உலகச் சண்டைக் காலத்தில் அருப்புக்கோட்டையில் விறகுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. கிடைத்த சுள்ளி சோறு பொங்கவே காணாது. அந்த நேரம் பார்த்து எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் நெருங்கியது. திருச்சுழியிலிருந்து வந்திருந்த மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு நல்லா சுடுற வெந்நி வேணும். இல்லேன்னா எம் மகளையும் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். ஆறு மாசத்துக்கு அனுப்ப மாட்டேன்."

வீடு வீடாக விறகு கேட்டேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரன் சிரித்தான்: "ஏலே, ஒந் தறிய ஒடச்சு எரியேன்!"

நானும் தறி நெய்கிறவன்தான்; ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில், முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெந்திருக்கிறேன். பந்தல்குடி சாலையில் கிடந்த தார் டின்னைத் தொட்டுக் கை சுட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் என்ன?

மூன்று மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, மூன்று விரல் கனத்தில் தட்டையான பெட்டியாக ஈயம் வைத்துப் பற்றவைத்து வாங்கினேன். மேல்பக்கம் முழுக்க விளக்கெண்ணெயில் குழைத்த அடுப்புக்கரி. அடியிலும் சுற்றிலும் கழிவுப் பஞ்சு. மேலே மூட, சாமி படங்கள் நான்கின் கண்ணாடியைக் கழற்றினேன். பாவம் பிடிக்குமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"சாமிகளும் கொஞ்சம் காத்தாடட்டும்" என்றாள் மனைவி, படுத்தபடியே.

அந்த நாள் வந்தது. மாமியார் காலையிலேயே மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் பெட்டிக்குள் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தேன். பஞ்சு பற்றிக்கொள்ளுமோ, கண்ணாடி தெறிக்குமோ, மேகம் மறைக்குமோ என்று அடிக்கடி போய்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன்.

"தொறந்து தொறந்து பாத்தா எங்கிட்டுச் சுடும்? வந்து உக்காருங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் பெரிய பாடு.

உச்சிப்பொழுது சாய்ந்ததும் பெட்டியை அண்டாவில் கவிழ்த்தேன். மாமியார் கையை விட்டார்.

"ஆத்தே!" வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தோலு உரிஞ்சிரும் போலிருக்கே மாப்பிள்ளை! விளாவப் பச்சத்தண்ணி எங்க?"

எதையெல்லாமோ நினைத்துப் பயந்தவன், சூடு தணியக் கலக்கத் தண்ணீர் வேண்டுமே என்பதை மட்டும் நினைக்கவில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னும் வெறகாலே?" என்றான் தறிக்காரன்.

"வெறகு யாருக்கு வேணும்? எங்க வீட்டு வெந்நி பொறுக்க முடியாமச் சுடுது. விளாவ ஒரு குடம் பச்சத்தண்ணி குடுலே!"

தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

குடத்தோடு திரும்பியபோது மாமியார் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மகளின் மாற்றுச் சேலை அதற்குள்தான் இருந்ததாம்.